பத்திரிகையின் நடுநிலையை அளப்பது யார் வேலை?

அமெரிக்க அரசியல் செய்திகளைத் தொடர்ந்து வாசிக்கிறவர்கள் இரண்டு கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். தனி ஒரு மனிதரான அதிபருக்கு இத்தனை அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. அவரைப் பற்றி எழுதும் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் நியாயமாக நடந்துகொள்கின்றனவா என்பது மற்றொன்று. இவற்றைத் தனித்தனியே வைத்துப் பேசுவதுதான் வழக்கம். ஆனால் அந்த நாட்டின் வரலாற்றில் இரண்டும் சேர்ந்தே வந்திருக்கின்றன. ஊடகம் ஒருதலைப்பட்சமாக நடக்கிறது என்று சொல்ல வாசகருக்கு முழு உரிமை உண்டு. பல சமயம் அந்தக் குற்றச்சாட்டு சரியாகவும் இருந்திருக்கிறது. அதே குற்றச்சாட்டை, ஒலிபரப்பு உரிமத்தை நிறுத்தவும் நிறுவனங்களின் இணைப்பைத் தடுக்கவும் வல்ல ஓர் அரசு சொல்லும்போது விளைவு முற்றிலும் வேறு. ஊடகத்தின் நடுநிலையை அளக்கும் வேலை ஆட்சியாளர் கைக்குப் போகக் கூடாது. இதற்கான சான்றுகள் இரண்டு கட்சிகளின் ஆட்சியிலும் கிடைக்கின்றன.

முதலில் அதிகாரத்தைப் பார்ப்போம். இந்தியப் பிரதமர் மக்களவையின் நம்பிக்கை இருக்கும்வரைதான் பிரதமர். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது பலருக்கு நினைவிருக்கும். அமெரிக்க அதிபரை அப்படி இறக்க வழியில்லை. அவருக்கு நான்கு ஆண்டு உறுதியான பதவிக்காலம். நீக்க வேண்டுமானால் பிரதிநிதிகள் சபை குற்றம்சாட்ட வேண்டும். பிறகு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கினர் குற்றவாளி என்று வாக்களிக்க வேண்டும். 1868-ல் ஆண்ட்ரூ ஜான்சன், 1998-ல் பில் கிளின்டன், 2019-லும் 2021-லும் டொனால்டு டிரம்ப் என மூன்று அதிபர்கள்மீது நான்கு முறை குற்றச்சாட்டு நிறைவேறியது. செனட்டில் ஒருமுறைகூட அந்த எண்ணிக்கை சேரவில்லை. இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியமானது என்று நினைக்கிறேன். அங்கே அதிபரும் அவருடைய அமைச்சர்களும் காங்கிரஸ் என்ற நாடாளுமன்றத்தின் உறுப்பினர்கள் அல்லர். ஆகவே எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து நின்று ஆட்சித் தலைவரைக் கேள்வி கேட்கும் கேள்வி நேரம் அங்கே கிடையாது. அதிபரை நேருக்கு நேர் நிறுத்திப் பொதுவில் கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் செய்தியாளர்களே. அமெரிக்கப் பத்திரிகைகளுக்கும் அதிபர்களுக்கும் இடையிலான ஓயாத மோதலின் வேர் இந்த அமைப்பிலேயே இருக்கிறது.

அதிபரின் கையைப் பிடித்து நிறுத்திய தருணங்களும் உண்டு. கொரியப் போர்க் காலத்தில், 1952 ஏப்ரலில், வேலைநிறுத்தத்தைத் தவிர்ப்பதற்காக அதிபர் ஹாரி ட்ரூமன் நாட்டின் எஃகு ஆலைகளை அரசுக் கட்டுப்பாட்டில் எடுக்க ஆணையிட்டார். இரண்டே மாதத்தில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அதைச் செல்லாததாக்கியது. ட்ரூமனே நியமித்த நீதிபதிகள் இருவர் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். 1974 ஜூலையில் வாட்டர்கேட் ஒலிநாடாக்களை ஒப்படைக்கச் சொல்லி ரிச்சர்ட் நிக்சனுக்கு எதிராக வந்த தீர்ப்பு 8-க்கு 0. அண்மைக் காலத்தில் காற்று வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. 2024 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம், அதிபரின் அடிப்படை அரசியல் சட்ட அதிகாரங்களுக்கு உட்பட்ட செயல்களுக்காக அவர்மீது குற்றவியல் வழக்கு தொடரவே முடியாது என்றும், மற்ற அலுவல்முறைச் செயல்களுக்கும் பாதுகாப்பு இருப்பதாகவே தொடக்கத்தில் கொள்ள வேண்டும் என்றும் 6-க்கு 3 எனத் தீர்ப்பளித்தது. காங்கிரஸிலோ கட்சி விசுவாசம் முந்தைய தலைமுறையைவிட இறுகிவிட்டது. 1974-ல் நிக்சனிடம் போய் செனட்டில் உங்களுக்கு ஆதரவில்லை என்று சொன்னவர்களில் ஒருவர் அவருடைய சொந்தக் கட்சியின் மூத்த தலைவரான பாரி கோல்டுவாட்டர். அத்தகைய குரல் இன்று எந்தக் கட்சியிலிருந்தும் எளிதில் வருவதில்லை. மற்றக் கண்கள் மங்கும் காலத்தில் பத்திரிகை என்ற கண்ணின்மீது சுமை கூடுகிறது. அதைக் கட்டுப்படுத்தும் ஆசையும் அதே அளவுக்கு ஆட்சியாளருக்குக் கூடுகிறது.

இந்த ஆசை நாட்டின் வயதுக்கு நிகரானது. பேச்சுரிமையையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் காக்கும் முதல் திருத்தம் 1791-ல் நடைமுறைக்கு வந்தது. ஏழே ஆண்டுகளில், 1798-ல், ஜான் ஆடம்ஸ் ஆட்சியில் தேசத்துரோகச் சட்டம் வந்தது. அதன் வாசகத்தைப் படித்தால் கொடுமையான சட்டம் என்று உடனே தோன்றாது. பொய்யான, தீய நோக்கமுள்ள எழுத்தைத்தான் தண்டிக்கும் என்றது. எழுதியது உண்மை என்று நிரூபித்தால் விடுதலை என்றும் சொன்னது. நடுநிலையையும் உண்மையையும் காக்கும் சட்டம் போலவே இருந்தது. ஆனால் அது யாரை அவதூறிலிருந்து காத்தது என்று பாருங்கள். அதிபரை, காங்கிரஸின் இரு அவைகளை, அரசை. துணை அதிபரைக் காக்கவில்லை. அப்போது துணை அதிபராக இருந்தவர் எதிரணித் தலைவர் தாமஸ் ஜெபர்சன். சட்டத்துக்குக் காலக்கெடுவும் இருந்தது: ஆடம்ஸின் பதவிக்காலம் முடியும் 1801 மார்ச் 3 அன்று அதுவும் காலாவதியாகும். அடுத்து வரும் அதிபர் அதே ஆயுதத்தைத் தங்கள்மீது திருப்பிவிடக் கூடாது என்று இயற்றியவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் மேத்யூ லயன், அதிபர் ஆடம்பரத்திலும் முகஸ்துதியிலும் மயங்கிக் கிடக்கிறார் என்ற பொருளில் எழுதியதற்காக நான்கு மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் பெற்றார். ஒரு மனிதர் ஆடம்பரப் பிரியர் என்ற கருத்தை நீதிமன்றத்தில் எப்படி உண்மை என்று நிரூபிப்பது? உண்மைக்குக் கொடுக்கப்பட்ட பாதுகாப்பு காகிதத்திலேயே நின்றது. சிறையில் இருந்தபடியே லயன் மீண்டும் தேர்தலில் வென்றார். 1801-ல், அதிபர் தேர்தலில் ஜெபர்சனும் ஆரன் பர்ரும் சமமான வாக்குகள் பெற்று முடிவு பிரதிநிதிகள் சபைக்கு வந்தபோது, வெர்மான்ட்டின் வாக்கை ஜெபர்சனுக்கு அளித்தவரும் அவரே. அந்தக் காலத்துப் பத்திரிகைகள் நடுநிலையானவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவை வெளிப்படையான கட்சிப் பத்திரிகைகள்; ஜெபர்சனே வெளியுறவுத் துறையில் தமக்குக் கீழ் ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கொடுத்து அவரைத் தம் அணிக்காக எழுதவைத்தார். முதல் திருத்தத்தை எழுதியவர்கள் அறிந்திருந்த பத்திரிகைகளும் நடுநிலையானவை அல்ல. நல்ல பத்திரிகைக்கு மட்டும் சுதந்திரம் என்று அவர்கள் நிபந்தனை வைக்கவில்லை.

வானொலி வந்ததும் நிலைமை சிக்கலானது. அச்சுப் பத்திரிகை தொடங்க அரசின் உரிமம் தேவையில்லை. அலைவரிசைகளோ எண்ணிக்கையில் குறைவு. அவற்றை யாராவது பங்கிட்டுக் கொடுத்தாக வேண்டும். அதற்காக அமைந்ததே எஃப்.சி.சி. எனப்படும் தகவல் தொடர்பு ஆணையம். உறுப்பினர்களை அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது. இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். சி.என்.என். போன்ற கேபிள் செய்தி நிறுவனங்களுக்கு இந்த ஆணையம் உரிமம் கொடுப்பதில்லை. ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி. போன்ற பெரிய வலையமைப்புகளுக்கும் நேரடி உரிமம் கிடையாது. அலைபரப்பும் உள்ளூர் நிலையங்களுக்குத்தான் உரிமம். ஆனால் அந்த வலையமைப்புகள் பல நிலையங்களுக்குச் சொந்தக்காரர்கள். பிடி அங்கேதான் இருக்கிறது. 1949-ல் இந்த ஆணையம் நேர்மைக் கோட்பாடு என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. உரிமம் பெற்ற நிலையங்கள் பொது முக்கியத்துவமுள்ள விவகாரங்களைப் பேச வேண்டும். மாறுபட்ட கருத்துகளுக்கும் இடம் தர வேண்டும் என்பதே அது. 1969-ல் உச்ச நீதிமன்றம் இதைச் சரி என்றது. பத்திரிகைகளுக்கும் இதேபோல மறுப்புரை வெளியிடும் கடமையை விதித்த ஃபுளோரிடா மாநிலச் சட்டத்தை 1974-ல் அதே நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது.

நேர்மைக் கோட்பாடு நன்மையே செய்யவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அவர்கள் காட்டும் வலுவான உதாரணம் மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரின் டபிள்யூ.எல்.பி.டி. தொலைக்காட்சி. நகரவாசிகளில் கணிசமானோர் கறுப்பின மக்கள். நிலையமோ நிறப் பாகுபாட்டின் பக்கம் நின்றது. 1955-ல் சிவில் உரிமை வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் தேசிய நிகழ்ச்சி ஒன்றில் தோன்றியபோது, கேபிளில் கோளாறு என்று அறிவிப்புப் போட்டு ஒளிபரப்பைத் துண்டித்தது. கடைசியில் அந்த நிலையம் உரிமத்தை இழந்தது. ஆனால் அது நடந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். ஆணையம் அந்த நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கவே செய்தது. எதிர்த்து வழக்காடியவர்கள் ஒரு கிறிஸ்தவ திருச்சபை அமைப்பும் உள்ளூர்க் கறுப்பின மக்களும். ஆணையத்தின் முன் முறையிடப் பார்வையாளர்களுக்கு உரிமை உண்டு என்று 1966-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது; 1969-ல் உரிமத்தையும் ரத்து செய்தது. அநியாயத்தைத் தட்டிக் கேட்டவர்கள் பார்வையாளர்கள். அரசின் ஆணையம் அவர்களுக்கு எதிரே நின்றது. நேர்மைக் கோட்பாட்டின் மிகச் சிறந்த வெற்றி என்று காட்டப்படும் இந்த வழக்கே, வேலையைச் செய்தது யார் என்பதையும் காட்டிவிடுகிறது.

மறுபுறத்தில், 1960-களில் ஜனநாயகக் கட்சியினர் வலதுசாரி வானொலி நிலையங்களை மிரட்ட இந்தக் கோட்பாட்டைப் பயன்படுத்தினார்கள் என்பது பின்னாளில் வெளிவந்தது. புகார் மேல் புகாராகக் கொடுத்து இலவச மறுப்பு நேரம் கேட்டால், சிறு நிலையம் செலவுக்குப் பயந்து அந்த நிகழ்ச்சியையே நிறுத்திவிடும். நிக்சன் இன்னும் நேரடியாக யோசித்தார். வாட்டர்கேட் விவகாரத்தை வாஷிங்டன் போஸ்ட் தோண்டிக்கொண்டிருந்த 1972 செப்டம்பரில், அந்த நிறுவனத்திடம் தொலைக்காட்சி நிலையங்கள் இருப்பதையும் அவற்றின் உரிமங்கள் புதுப்பிப்புக்கு வர இருப்பதையும் சுட்டி, அவர்களுக்குப் பெரும் தொல்லை காத்திருக்கிறது என்று தம் உதவியாளர்களிடம் பேசியது ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. அடுத்த சில மாதங்களில் ஃபுளோரிடாவில் அந்த நிறுவனத்தின் இரண்டு நிலையங்களின் உரிமத்துக்கு எதிராக மனுக்கள் வந்தன; மனுதாரர்களில் நிக்சனுக்கு வேண்டியவர்களும் இருந்தார்கள். மனுக்கள் தோற்றன. ஆனால் ஒரு செய்தியால் கோபமடைந்த அதிபர், அந்தச் செய்தியை மறுக்காமலே அதை வெளியிட்டவரின் வேறு தொழிலை நெருக்க முடியும் என்பதை நாடு பார்த்துவிட்டது. நேர்மைக் கோட்பாட்டை ரீகன் காலத்தில், 1987-ல், ஆணையம் கைவிட்டது. அதைச் சட்டமாக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை அதற்குச் சற்று முன்பே ரீகன் நிராகரித்திருந்தார். அடுத்த ஆண்டே வலதுசாரி வானொலித் தொகுப்பாளர் ரஷ் லிம்பா நாடு முழுவதும் ஒலிக்கத் தொடங்கினார். கட்சி சார்ந்த ஒலிபரப்பு பெருகியதற்கு இந்த முடிவும் ஒரு காரணம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அலைவரிசையே தேவையில்லாத கேபிளையும் இணையத்தையும் அந்தக் கோட்பாடு எட்டியிருக்காது.

அவதூறு வழக்கின் கதை தனி. 1960 மார்ச்சில் மார்ட்டின் லூதர் கிங்கின் வழக்குச் செலவுக்கு நிதி கேட்டு நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதில் சிறு பிழைகள் இருந்தன. கிங் நான்கு முறை கைதானதை ஏழு முறை என்று எழுதியிருந்தார்கள். மாணவர்கள் பாடிய பாட்டின் பெயரைக்கூட மாற்றிச் சொல்லியிருந்தார்கள். அலபாமாவின் மான்ட்கோமரி நகரத்தில் காவல் துறைக்குப் பொறுப்பாக இருந்த எல்.பி. சல்லிவன், விளம்பரத்தில் தம் பெயரே இல்லாதபோதும், வழக்குப் போட்டார். உள்ளூர் நடுவர் குழு ஐந்து லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. 1964-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ரத்து செய்தது. பொது அதிகாரி ஒருவர் இழப்பீடு கேட்க வேண்டுமானால், பொய் என்று தெரிந்தே வெளியிட்டார்கள் அல்லது உண்மையா பொய்யா என்ற அக்கறையே இல்லாமல் வெளியிட்டார்கள் என்று நிரூபிக்க வேண்டும் என்றது. இந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. மரண தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது தொடர்பாக நக்கீரன் இதழ் தொடர்ந்த வழக்கில், 1994-ல் இந்திய உச்ச நீதிமன்றம் இதைத் துணைக்கு அழைத்தது. பொது அதிகாரிகள் தங்கள் பணி பற்றிய வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது என்று நம் நாட்டுச் சட்டத்திலும் நிலைநாட்டியது.

சல்லிவன் தீர்ப்பு பொய்யர்களுக்குக் கேடயம் என்று டிரம்பும் அவரைச் சார்ந்தவர்களும் சொல்கிறார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸும் அதை மறுபரிசீலனை செய்யக் கோரியிருக்கிறார். கேடயம் அவ்வளவு தடிமனானது இல்லை என்பதற்கு ஃபாக்ஸ் நியூஸ் சாட்சி. 2020 தேர்தலில் டொமினியன் நிறுவனத்தின் வாக்குப்பதிவு இயந்திரங்கள் மோசடி செய்தன என்ற கதைகளை அந்தத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. உள்ளே இருந்தவர்களே அவற்றை நம்பவில்லை என்பதை அவர்களுடைய குறுஞ்செய்திகள் காட்டின. 2023 ஏப்ரலில் விசாரணை தொடங்கும் வேளையில் ஃபாக்ஸ் 78.75 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. தெரிந்தே பரப்பிய பொய்க்கு விலை உண்டு. தவறிப்போன எண்ணுக்கு அந்த விலை இல்லை. இதைவிட நியாயமான கோடு எனக்குத் தெரியவில்லை.

இனி அண்மை நிகழ்வுகள். 2024 டிசம்பரில் ஏ.பி.சி. டிரம்ப் தொடர்ந்த அவதூறு வழக்கை முடிக்க, அவருடைய எதிர்கால நூலகத்துக்கு 1.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அங்கே உண்மையிலேயே ஒரு பிழை இருந்தது. டிரம்ப்மீதான முந்தைய வழக்கொன்றில் நடுவர் குழு சொல்லாத குற்றத்தை நிகழ்ச்சித் தொகுப்பாளர் சொன்னார். ஆனால் சி.பி.எஸ்.மீது டிரம்ப் தொடர்ந்த வழக்கு அப்படிப்பட்டதல்ல. தேர்தலில் அவரை எதிர்த்துப் போட்டியிட்ட கமலா ஹாரிஸின் நேர்காணலைச் சுருக்கித் தொகுத்ததே அங்கே குற்றமாகச் சொல்லப்பட்டது. எல்லாத் தொலைக்காட்சிகளும் எல்லா நேர்காணல்களிலும் செய்யும் வேலை அது. 2025 ஜூலையில் தாய் நிறுவனமான பாராமவுன்ட் 1.6 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. அப்போது அந்நிறுவனம் ஸ்கைடான்ஸுடன் இணைய ஆணையத்தின் ஒப்புதலுக்குக் காத்திருந்தது. அதே மாதம் ஒப்புதல் வந்தது. பாரபட்சப் புகார்களைக் கேட்க ஒருவரை நியமிப்போம் என்று புதிய உரிமையாளர்கள் உறுதி கொடுத்திருந்தார்கள். பணம்தான் ஒப்புதலை வாங்கியது என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்று என்னிடம் இல்லை. ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் நிறுவனம், வெல்லக்கூடிய வழக்கை ஏன் கைவிட்டது என்ற கேள்வியே போதும். இனி ஒரு நேர்காணலைத் தொகுக்கும் ஆசிரியர் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் தொகுப்பார்.

2025 ஜனவரியில் நடந்தது இன்னும் தெளிவானது. ஜோ பைடன் காலத்து ஆணையத் தலைவர் ஜெசிகா ரோசன்வொர்சல், பதவி விலகும் முன் நான்கு விண்ணப்பங்களைத் தள்ளுபடி செய்தார். ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி. நிலையங்கள்மீது மூன்று, ஃபாக்ஸின் பிலடெல்பியா நிலையத்தின் உரிமத்தை எதிர்த்து ஒன்று. அரசு பேச்சுக்குக் காவல்காரனாக இருக்கக் கூடாது என்ற ஒரே காரணத்தை நான்குக்கும் சொன்னார். டிரம்ப் நியமித்த புதிய தலைவர் பிரெண்டன் கார், சில நாட்களிலேயே முதல் மூன்றுக்கும் உயிர் கொடுத்தார். ஃபாக்ஸ் மனுவைத் தொடவில்லை. அந்த மனு வேறு வகைப்பட்டது, உரிமப் புதுப்பிப்பையே எதிர்த்தது என்று அவர் தரப்பில் வாதிடலாம். இருக்கட்டும். ஒருதலைப்பட்சம் பற்றிய கவலைதான் காரணம் என்றால், நீதிமன்றப் பதிவுகளின் ஆதரவு இருந்த ஒரே புகார் எப்படி விடுபட்டது? 1798-ல் துணை அதிபரின் பெயர் விடுபட்ட அதே முறையில்தான் இந்தப் பெயரும் விடுபட்டிருக்கிறது.

எல்லா அதிபர்களும் இப்படித்தானே என்பார்கள். ஆம், பலர் இப்படித்தான். 1963-ல் ஜான் கென்னடி வியட்நாமிலிருந்து செய்தியாளர் டேவிட் ஹால்பர்ஸ்டாமை மாற்றும்படி நியூயார்க் டைம்ஸ் பதிப்பாளரிடம் கேட்டார், பதிப்பாளர் மறுத்தார். பராக் ஒபாமா காலத்தில் நீதித் துறை ஏ.பி. செய்தி நிறுவனத்தின் இரண்டு மாதத் தொலைபேசிப் பதிவுகளை ரகசியமாக எடுத்தது 2013-ல் அம்பலமானது. முன்னவர்கள் செய்தார்கள் என்பதால் இன்றைய செயல் சரியாகிவிடாது. எந்தக் கட்சி வந்தாலும் இந்த வேலையை ஒப்படைக்க முடியாது என்பதற்கு அது கூடுதல் சான்று.

ஊடகங்களும் குற்றமற்றவை அல்ல. இராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக 2002-லும் 2003-லும் அரசுத் தரப்புச் செய்திகளைப் போதிய சோதனையின்றி வெளியிட்டதை 2004 மே மாதத்தில் நியூயார்க் டைம்ஸே ஒப்புக்கொண்டது. அந்தப் பிழை அதிபரைக் கடுமையாகத் தாக்கியதால் வந்ததல்ல. அவர் தரப்பை எளிதில் நம்பியதால் வந்தது. கேலப் கணிப்பில் ஊடகத்தின்மீது ஓரளவாவது நம்பிக்கை வைத்த அமெரிக்கர்கள் 1976-ல் 72 சதவீதம். 2025-ல் 28 சதவீதம். இந்தச் சரிவுக்கு ஊடகங்களின் பங்கு பெரிது. அதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் ஆசிரியர்களும் வாசகர்களும்தான். ஒரு செய்தி நிறுவனம் நியாயமானதா என்று அறிய விரும்புகிறவர்கள், ஒபாமா அரசு ஏ.பி.யின் பதிவுகளை எடுத்ததையும், 2025 பிப்ரவரியில் மெக்சிகோ வளைகுடாவின் புதிய பெயரை ஏற்காததற்காக டிரம்ப் அரசு ஏ.பி. செய்தியாளர்களை அதிபர் அலுவலகத்துக்குள் விட மறுத்ததையும் அது எப்படி எழுதியது என்று தேடிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டையும் ஒரே கண்டிப்போடு எழுதியிருந்தால் அதை நம்பிப் படிக்கலாம். ஒன்றைப் பெரிதாக்கி மற்றதை மூலையில் போட்டிருந்தால், சந்தாவை நிறுத்துங்கள், ஆசிரியருக்கு எழுதுங்கள், வேறு பத்திரிகையைத் தேடுங்கள். அந்தத் தண்டனையை வழங்கும் உரிமை வாசகருக்கு மட்டுமே உரியது. வெள்ளை மாளிகைக்கு அதில் பங்கில்லை.